முகமும் எடுக்கணும், மல்லிகை மொட்டும் எடுக்கணும்: குறைந்த விலை பிரைம் லென்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஞாயிற்றுக்கிழமை விடியலில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பூச்சந்தைப் பக்கம் திரிகிற ஆட்களில் நானும் ஒருவன். தொழில் இதுவல்ல. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் மட்டும் சம்பளமில்லாத போட்டோகிராபர். புதிதாக கேமரா வாங்கியவர்கள் கூடவே வந்த கிட் லென்ஸோடு ஒரு மாதம் சுற்றிவிட்டு, "அடுத்து என்ன லென்ஸ்?" என்று வந்து நிற்பார்கள். வாட்ஸ்அப்பில் தட்டித் தட்டி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, பதிலையும் எழுதி வைத்துவிட்டேன்.

1. பிரைம் லென்ஸ்னா என்னண்ணே? ஜூம் ஆகாத லென்ஸுக்கு எதுக்குக் காசு கொடுக்கணும்?

லென்ஸில் போட்டிருக்கும் மி.மீ. கூடக்கூட தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். பிரைமில் அது மாறாது, 50 மி.மீ. என்றால் எப்போதும் 50 மி.மீ.தான். கிட்டே வேண்டுமென்றால் காலால் நடக்க வேண்டும். அந்த வசதியை விட்டுக்கொடுத்ததற்குப் பதிலாகக் கிடைப்பது வெளிச்சம். உங்கள் 18-55 கிட் லென்ஸ், 55இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு, அதாவது அப்பர்ச்சர், பெரிதாகும்). 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். கிட் லென்ஸ் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 6400 கேட்கிற கல்யாண மண்டபத்தில் இதற்கு 800 போதும். முகத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வராது.

பின்னணி கரைந்து போவது இரண்டாவது லாபம். எல்லோரும் அதற்காகத்தான் வாங்குகிறார்கள். ஆனால் வெளிச்சம்தான் பெரிய லாபம் என்பது முதல் விசேஷத்திலேயே புரிந்துவிடும்.

2. என் போன்லயே போர்ட்ரெய்ட் மோடு இருக்கே, அது பத்தாதா?

பகலில், நேராகப் பார்க்கிற முகத்துக்கு நன்றாகவே பத்தும். போனில் பார்த்துவிட்டு அழித்துவிடுகிற படம் என்றால் லென்ஸ் வாங்கவே வேண்டாம்.

ஜிமிக்கி போட்ட பெண்ணைப் பக்கவாட்டில் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஜிமிக்கியின் துளைகள் வழியாகத் தெரியும் பின்னணி மட்டும் கரையாமல் அப்படியே நிற்கும். தலையில் வைத்த பூச்சரத்தின் ஓரத்தில் நாலு மொட்டு பின்னணியோடு சேர்ந்து கரைந்திருக்கும். போன் எது ஆள், எது பின்னணி என்று கணித்துக் கணித்து வெட்டுகிறது. லென்ஸுக்கு அந்தக் கணிப்பே தேவையில்லை. தூரத்தில் இருப்பது தானாகக் கரையும்.

3. 35, 50, 85ன்னு மூணு சொல்றாங்க. போர்ட்ரெய்ட்டுக்கு எது சார்?

பதில் உங்கள் வீட்டு ஹாலின் நீளத்தில் இருக்கிறது. கேனான் கிராப் பாடியை, அதாவது சின்ன சென்சார் கேமராவை, வைத்து ஒரு கணக்கு சொல்கிறேன் (நிக்கான், சோனி கிராப் பாடிகளிலும் ஏறத்தாழ இதேதான்). ஒரு ஆளைத் தலை முதல் கால் வரை, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க 35 மி.மீ.க்குச் சுமார் 10 அடி தள்ளி நிற்க வேண்டும். 50க்கு 15 அடி. 85க்கு 25 அடி. தலையும் தோளும் மட்டும் போதுமென்றால் 3 அடி, நாலரை அடி, 8 அடி.

பத்துக்குப் பன்னிரண்டு அறையில் 85ஐ வைத்துக்கொண்டு முழு உருவம் எடுக்க நினைத்தால் முதுகு சுவரில் இடிக்கும். மொட்டை மாடி, தோட்டம், கோயில் பிராகாரம் என்று வெளியில் எடுப்பவருக்கு 85 அருமை. வீட்டுக்குள் குழந்தையைத் துரத்துபவருக்கு 35. எங்கே எடுப்போம் என்றே தெரியாதவருக்கு 50. ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் கேமரா) வைத்திருப்பவர்கள் ஒரு படி மேலே போகலாம்: கிராப் பாடியில் 50 செய்கிற வேலையை அங்கே 85 செய்யும்.

4. 35ல எடுத்தா மூக்கு பெருசா தெரியுதுன்னு தங்கச்சி திட்டுறா. லென்ஸ் கோளாறா?

லென்ஸைத் திட்டாதீர்கள், நீங்கள் நின்ற இடம்தான் கோளாறு. முகத்துக்கு இரண்டடியில் நின்றால், மூக்குக்கும் காதுக்கும் உள்ள நாலைந்து அங்குல வித்தியாசம் பெரிய வித்தியாசமாகிவிடும். எட்டடியில் நின்றால் அது ஒன்றுமே இல்லை. 35 மி.மீ.யில் ஃபிரேமை முகத்தால் நிரப்ப வேண்டுமென்றால் கிட்டே போயே ஆக வேண்டும், அதனால் பழி லென்ஸ் மேல் விழுகிறது. நாலரை அடியில் நின்று 35இல் எடுத்து, பிறகு வெட்டிக்கொண்டால் மூக்கு 50இல் எடுத்த அளவுக்கே இருக்கும்.

5. சரி, 50 எஃப் 1.8 வாங்கிட்டா பூ, பூச்சி, மூக்குத்தி எல்லாம் க்ளோசப்ல அள்ளிடலாம்தானே?

நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே இந்தக் கேள்விதான். முடியாது.

50 வாங்கிய முதல் ஞாயிறு, சந்தையில் ஒரு அம்மா கூடையிலிருந்த மல்லிகை மொட்டுகள் மேல் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். குனிந்து, இன்னும் குனிந்து, ஒரு மொட்டுக்குக் கிட்டே போனேன். லென்ஸ் 'கர்ர் கர்ர்' என்று முன்னும் பின்னும் தேடியதே தவிர ஃபோகஸ் பிடிக்கவில்லை. ரிப்பேர் என்று நினைத்துக் கடைக்குப் போகவிருந்தேன். விஷயம் வேறு: ஒவ்வொரு லென்ஸுக்கும் இதற்குமேல் கிட்டே வரக்கூடாது என்று ஒரு தூரம் உண்டு. கேனான் இ.எஃப். 50 எஸ்.டி.எம்.முக்கு 35 செ.மீ. நிக்கான் 50 எஃப் 1.8ஜிக்கு 45 செ.மீ. இது லென்ஸ் நுனியிலிருந்து அல்ல, சென்சாரிலிருந்து. கேமரா மண்டையில் ஒரு வட்டமும் குறுக்கே ஒரு கோடும் போட்டிருக்கும், அதுதான் அளவு தொடங்கும் இடம்.

தூரத்தைவிட உருப்பெருக்கம் என்ற எண்ணைப் பாருங்கள் (பொருள் தன் உண்மை அளவில் எத்தனை பங்காகச் சென்சாரில் விழுகிறது என்பது). 10 ரூபாய் நாணயம் 27 மி.மீ. அகலம். கேனான் 50 எஸ்.டி.எம்.மின் உருப்பெருக்கம் 0.21, அதனால் நாணயம் ஃபிரேம் அகலத்தில் கால்வாசிதான் வரும். நிக்கான் 50ஜியில் 0.15, ஆறில் ஒரு பங்கு. 85 எஃப் 1.8 லென்ஸ்கள் 0.12, 0.13இல் நிற்கும், அதைவிட மோசம். இப்போது வேடிக்கை: நீங்கள் மூலையில் போட்ட கேனான் 18-55 எஃப் 3.5-5.6 எஸ்.டி.எம். கிட் லென்ஸுக்கு 0.36! நாணயம் ஏறக்குறைய பாதி ஃபிரேமை அடைத்துக்கொள்ளும். ஆக, பகல் வெளிச்சத்தில் பூ எடுக்க, நீங்கள் வாங்கப்போகும் பிரைமைவிட ஏற்கெனவே கையில் இருப்பதே கிட்டே போகும். க்ளோசப்புக்கென்றே செய்த உண்மையான மேக்ரோ லென்ஸில் இந்த எண் 1, அதாவது 1:1. கிராப் பாடியில் அந்த நாணயம் ஃபிரேமுக்குள் முழுசாக அடங்கவே அடங்காது.

6. அப்போ முகத்துக்கு ஒண்ணு, க்ளோசப்புக்கு ஒண்ணுன்னு ரெண்டு லென்ஸ் வாங்கணுமா? கட்டுப்படியாகாதே!

இரண்டு லென்ஸ் வேண்டாம். 50 ஒன்றை வாங்கிவிட்டு க்ளோசப்புக்கு ஒரு துணைச் சாமான் வாங்கலாம். எக்ஸ்டென்ஷன் ட்யூப் என்பது கண்ணாடியே இல்லாத வெறும் குழாய். லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டுவது. கணக்கு எளிது: குழாயின் நீளத்தை லென்ஸின் மி.மீ.யால் வகுத்தால் எவ்வளவு கூடும் என்று வரும். 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. குழாய் போட்டால் 0.5 கூடும். கேனானின் 0.21, 0.71 ஆகிவிடும். மொட்டு ஃபிரேமை நிரப்பும்.

வாங்கும்போது எலக்ட்ரிக்கல் கான்டாக்ட், அதாவது உள்ளே பொன்னிற ஊசிகள் வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வெறும் குழாயில் அப்பர்ச்சரை மாற்ற முடியாது. அதைவிட ஒரு வம்பு: கேனான் எஸ்.டி.எம். லென்ஸில் ஃபோகஸ் வளையமே மின்சாரத்தில்தான் ஓடும். ஊசி இல்லாத குழாயில் வளையத்தைச் சுற்றோ சுற்றென்று சுற்றினாலும் ஒன்றும் நகராது. நிக்கான் ஜி லென்ஸில் அப்பர்ச்சர் கடைசிவரை மூடிக்கொண்டு, கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இருட்டாகிவிடும்.

இரண்டாவது வழி, லென்ஸ் முன்னால் கிளிப் மாதிரி மாட்டும் ரேனாக்ஸ் டி.சி.ஆர். 250 என்ற க்ளோசப் கண்ணாடி. இதன் சக்தி 8 டயாப்டர் (மூக்குக்கண்ணாடிக்குச் சொல்லும் பவர் மாதிரி). இதை 50இல் மாட்டினால் பெரிய பலன் இல்லை. 55-250 மாதிரி நீள ஜூம் வைத்திருந்தால் அதில் மாட்டுங்கள். 250இல் 2 மடங்கு உருப்பெருக்கம், எறும்பின் கண் வரை போகலாம். 52 முதல் 67 மி.மீ. வரையுள்ள லென்ஸ் வாய்க்குத்தான் கிளிப் பொருந்தும்.

7. ட்யூப் போட்டுட்டு ஆளை எடுத்தா ஃபோகஸே ஆகல, போச்சா?

போகவில்லை, குழாயைக் கழற்றுங்கள். குழாய் கிட்டப்பார்வைக்காரர் மாதிரி. கிட்டே இருப்பதுதான் தெரியும், தூரம் தெரியாது.

8. என்கிட்ட கேனான் 1500டி இருக்கு, தம்பிகிட்ட நிக்கான் டி3500, மச்சான் புதுசா ஆர்50 வாங்கிருக்கார். எல்லாருக்கும் ஒரே லென்ஸ் வருமா?

வராது. 1500டிக்கு இ.எஃப். 50 எஃப் 1.8 எஸ்.டி.எம். 2015இல் வந்தது, 160 கிராம், புதிதே 10,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். பழைய 'இரண்டு' என்று போட்ட மாடல் செகண்ட் ஹேண்டில் இன்னும் மலிவு, ஆனால் மவுன்ட் (பாடியில் மாட்டும் வளையம்) பிளாஸ்டிக். அப்பர்ச்சரில் ஐந்தே இதழ். கொஞ்சம் மூடி எடுத்தால் பின்னால் தெரியும் சீரியல் லைட்டெல்லாம் ஐங்கோணமாக வரும். புதியதில் ஏழு இதழ், வட்டமாக வரும்.

டி3500 வைத்திருக்கும் தம்பி உஷாராக இருக்க வேண்டும். நிக்கான் 50 எஃப் 1.8இல் 'டி' என்று முடிவதும் உண்டு, 'ஜி' என்று முடிவதும் உண்டு. 'டி' மலிவு என்று வாங்கினால் டி3000, டி5000 வரிசையில் ஆட்டோஃபோகஸ் கிடையாது, ஏனென்றால் அந்தப் பாடிகளுக்குள் மோட்டார் இல்லை. ஏ.எஃப்-எஸ் 50 எஃப் 1.8ஜி வாங்கட்டும். வீட்டுக்குள்தான் அதிகம் என்றால் டி.எக்ஸ். 35 எஃப் 1.8ஜி.

மச்சானுக்கு ஆர்.எஃப். 50 எஃப் 1.8. இது 30 செ.மீ. வரை கிட்டே போகும், உருப்பெருக்கம் 0.25. அடாப்டர் வாங்கினால் உங்கள் இ.எஃப். லென்ஸும் அவர் பாடியில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். அவர் லென்ஸ் உங்கள் பாடிக்கு எந்தக் காலத்திலும் வராது. கடன் கொடுக்கல் வாங்கல் ஒருபக்கம்தான்!

9. கொஞ்சம் காசு சேர்த்து எஃப் 1.4 வாங்கிடவா?

1.8க்கும் 1.4க்கும் வெளிச்சத்தில் வித்தியாசம் மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). விலை வித்தியாசம் அப்படியல்ல. மிச்சக் காசில் ஒரு வெள்ளை ரிஃப்ளெக்டரும் 6ஆம் கேள்வியில் சொன்ன ட்யூபும் வாங்கலாம். சோனி கிராப் பாடிக்காரர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: சிக்மா 56 எஃப் 1.4 செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்கு வந்தால் விடாதீர்கள்.

10. 1.8ல எடுத்தா ஒரு கண்ணு ஷார்ப், இன்னொண்ணு மங்கல். லென்ஸை மாத்தணுமா?

கிராப் பாடியில் 50ஐ எஃப் 1.8இல் வைத்து ஒரு மீட்டரில் நின்றால், ஷார்ப்பாக இருக்கும் ஆழம் மொத்தம் 3 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. முகம் லேசாகத் திரும்பியிருந்தாலே இரண்டு கண்ணும் அதற்குள் அடங்காது. ஒன்றரை மீட்டருக்குத் தள்ளிப் போனால் ஆறு செ.மீ.க்கு மேல் கிடைக்கும். எஃப் 2.8க்கு மூடினால் இன்னும் நிம்மதி. நான் 1.8ஐ இருட்டுக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

நடுப் புள்ளியில் கண்ணைப் பிடித்துவிட்டு கேமராவைத் திருப்பி ஃபிரேம் அமைக்கிற பழக்கம் கிட் லென்ஸில் செல்லும், இங்கே செல்லாது. திருப்புகிற நேரத்தில் அந்த 3 செ.மீ. நழுவிவிடும். கண் இருக்கும் இடத்துக்கே ஃபோகஸ் புள்ளியை நகர்த்துங்கள். கேமராவுக்குக் கிட்டே இருக்கும் கண்.

11. கண்ணுல புள்ளி வெச்சும் எப்பவும் காதுதான் ஷார்ப்பா வருது. நான் செய்றதுல தப்பா?

10இல் சொன்னதெல்லாம் செய்தும் எல்லாப் படத்திலும் ஒரே பக்கமாகப் பின்னால் போகிறதென்றால், தப்பு உங்களுடையதாக இல்லாமலிருக்கலாம். டி.எஸ்.எல்.ஆரில் (உள்ளே கண்ணாடி வைத்த கேமராவில்) ஃபோகஸ் பார்க்கிற சென்சார் வேறு, படம் பிடிக்கிற சென்சார் வேறு; இரண்டுக்கும் ஒத்துவராமல் போவதுண்டு. சோதனை: கேமராவை ஸ்டாண்டில் வைத்து, ஒரு ஸ்கேலைச் சாய்த்து வைத்து, வ்யூஃபைண்டர் வழியாக ஒரு படம், லைவ் வ்யூவில் (பின்பக்கத் திரையைப் பார்த்து) ஒரு படம். லைவ் வ்யூவில் சரியாக வந்து மற்றதில் தள்ளிப் போனால் இதுதான் வியாதி.

கேனான் 80டி, நிக்கான் டி7000 வரிசையில் இதைச் சரிசெய்ய மெனுவிலேயே வழி உண்டு. 1500டி, டி3500 போன்ற தொடக்கப் பாடிகளில் இல்லை. அவர்கள் போர்ட்ரெய்ட்டை லைவ் வ்யூவிலேயே எடுத்துப் பழகலாம், அல்லது பாடியையும் லென்ஸையும் சேர்த்து சர்வீஸ் சென்டரில் கொடுக்கலாம். ஆர்50 மச்சானுக்கு இந்தக் கவலையே கிடையாது, அது கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்.

12. வெள்ளி கொலுசு, வெள்ளை வேட்டி ஓரத்துல எல்லாம் ஊதாக் கோடு வருது?

வெளிச்சமான ஓரத்தில், அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து வைத்தால் விலை குறைந்த பிரைம்களில் வரும். 2.8, 4 என்று மூடினால் பெரும்பாலும் போய்விடும். மீதியை லைட்ரூம் சாஃப்ட்வேரில் ஒரு சொடுக்கில் அகற்றலாம்.

13. மேக்ரோ லென்ஸே வாங்கிட்டா அதுலயே முகமும் எடுக்கலாமா? பரு, தழும்பு எல்லாம் காட்டிக்கொடுத்துடும்னு பயமுறுத்துறாங்க.

தாராளமாக எடுக்கலாம். க்ளோசப்தான் உங்கள் உயிர், முகம் அவ்வப்போது என்றால் என் சிபாரிசே இதுதான்: செகண்ட் ஹேண்டில் டாம்ரான் 90 எஃப் 2.8 மேக்ரோ. பல தலைமுறையாக வருகிற லென்ஸ் என்பதால் சந்தையில் நிறையக் கிடைக்கும்.

"எஃப் 2.8தானே, பின்னணி கரையுமா?" என்பார்கள். லென்ஸின் மி.மீ.யை எஃப் எண்ணால் வகுத்துப் பாருங்கள். கிட் லென்ஸ்: 55ஐ 5.6ஆல் வகுத்தால் 10 மி.மீ. திறப்பு. 50 எஃப் 1.8: 28 மி.மீ. 90 எஃப் 2.8: 32 மி.மீ. முகத்தை ஒரே அளவில் வைத்து எடுத்தால், தூரத்துப் பின்னணியைக் கரைப்பதில் மேக்ரோ 50ஐ ஒரு துளி மிஞ்சும். 85 எஃப் 1.8, 47 மி.மீ.; அது தனி ஜாதி. வெளிச்சத்தில் மட்டும் மேக்ரோ 50க்கு ஈடாகாது, 3ஆம் கேள்வியில் சொன்ன இடப் பிரச்சினையும் 85ஐப் போலவே உண்டு.

பருவைக் காட்டிக்கொடுப்பது லென்ஸைவிட வெளிச்சம்தான். பக்கவாட்டிலிருந்து அடிக்கும் கடுமையான வெயிலில் எந்த லென்ஸும் காட்டும். ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு அந்த வெளிச்சத்தில் உட்கார வைத்தால் மேக்ரோவும் சாதுவாகிவிடும்.

14. நிக்கான் 40 மேக்ரோ 90ஐ விட மலிவா இருக்கே, அதுவும் 1:1தானே?

1:1தான். ஆனால் அந்த 1:1க்கு லென்ஸ் நுனி பொருளுக்கு மூன்று நாலு செ.மீ.க்குள் போக வேண்டும். மூக்குத்தி, நாணயம், தபால்தலை பொறுத்துக்கொள்ளும். லென்ஸ் நிழல் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். வண்ணத்துப்பூச்சி பொறுக்காது. 90இல் பத்து செ.மீ. அளவுக்கு இடைவெளி கிடைக்கும்.

15. மேக்ரோவுல எஃப் 22 வெச்சேன். எறும்பும் முழுசா வரல, படமும் மொத்தமா மொழுக்குன்னு இருக்கு. ஏன்?

1:1இல் எஃப் 8 வைத்தால் ஷார்ப்பான ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, முக்கால் மி.மீ.க்கும் குறைவு. 10ஆம் கேள்வியில் 3 செ.மீ.க்கே அழுதோம், நினைவிருக்கிறதா? மூடிக்கொண்டே போனால் ஆழம் கூடும், ஆனால் ஒளி சின்னத் துளையில் நுழையும்போது சிதறி மொத்தப் படமும் மழுங்கும். அதோடு 1:1இல் எஃப் எண் ஏறக்குறைய இரட்டிப்பாகத்தான் வேலை செய்யும். நீங்கள் வைத்த 22, உண்மையில் 44. எஃப் 8 அல்லது 11இல் நின்றுகொண்டு, எறும்பின் உடல் சென்சாருக்கு இணையாக இருக்கும்படி கேமராவைத் திருப்புங்கள். நகை மாதிரி அசையாத பொருள் என்றால் ஃபோகஸைத் துளித்துளியாக நகர்த்திப் பல படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒட்டலாம்.

16. செகண்ட் ஹேண்ட் லென்ஸ் பார்க்கப் போறேன். எதைப் பார்க்கணும்?

போன் டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து அடித்து, மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். தூசி நாலு இருந்தால் படத்தில் தெரியாது, கவலை வேண்டாம். சிலந்திவலை மாதிரி கிளை கிளையாக இழை தெரிந்தால் பூஞ்சை. பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். நான் எழுந்து வராமல், விலை குறைகிறதே என்று ஒரு லென்ஸை வாங்கி, சுத்தம் செய்யக் கொடுத்த காசில் இன்னொன்று வாங்கியிருக்கலாம். பிறகு உங்கள் பாடியில் மாட்டி, கிட்டே ஒன்று தூரத்தில் ஒன்று என்று இருபது முறை ஃபோகஸ் செய்து பாருங்கள். எஃப் 8இல் வைத்து, டெப்த் பட்டன் (அப்பர்ச்சரை வைத்த எண்ணுக்கு மூடிக் காட்டுவது) இருந்தால் அழுத்தி, இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

17. வாங்குன லென்ஸ்ல பூஞ்சை வராம எப்படிப் பார்த்துக்கறது? அரிசி டப்பாவுல போடலாமா?

அரிசி வேண்டாம், தவிட்டுத் தூசிதான் சேரும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருந்தால் போதும். ஜெல் நிறம் மாறினால் வறுத்துத் திரும்பப் போடலாம். லெதர் பையில் போட்டு பீரோவுக்குள் ஆறு மாதம் பூட்டி வைப்பதுதான் பூஞ்சைக்கு விருந்து.

18. யு.வி. ஃபில்டர் இலவசமா தர்றாங்க, போட்டுக்கவா?

வெயிலில் தூசிக்குப் போடலாம். இரவில் குத்துவிளக்கை எடுக்கும்போது கழற்றிவிடுங்கள். மலிவுக் கண்ணாடியில் சுடர் ஒன்றுக்கு இரண்டாகத் தெரியும். என்னைக் கேட்டால் ஹுட் (லென்ஸ் வாயில் மாட்டும் மறைப்பு) போடுங்கள், லென்ஸ் இடித்தாலும் அடி அதற்குத்தான்.

19. தாத்தாவோட பழைய ஹீலியோஸ் லென்ஸ் கிடைச்சிருக்கு. பின்னணி சுழிச்சுக்கிட்டு வருமாமே, என் நிக்கான்ல மாட்டலாமா?

சோவியத் காலத்து ஹீலியோஸ் 44, 58 மி.மீ. எஃப் 2. இலை தழையைப் பின்னால் வைத்து எடுத்தால் அது சுழன்ற மாதிரி வரும். ஃபோகஸும் அப்பர்ச்சரும் கையால்தான். மவுன்ட் எம்42 என்ற திருகு. மவுன்டிலிருந்து சென்சாருக்கு அதற்கு வேண்டிய தூரம் 45.46 மி.மீ. கேனான் இ.எஃப். பாடியில் அது 44. மீதி ஒன்றரை மில்லிமீட்டரில் அடாப்டர் உட்கார்ந்துகொள்ளும். நிக்கான் டி.எஸ்.எல்.ஆரில் 46.5. அதாவது அடாப்டரே இல்லாமல் வைத்தாலும் லென்ஸ் ஏற்கெனவே ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. 6ஆம் கேள்வியில் சொன்ன ட்யூபை நிரந்தரமாக மாட்டிய மாதிரிதான்: தூரத்துக் கோபுரம் ஃபோகஸ் ஆகாது.

கண்ணாடி வைத்த அடாப்டர் விற்பார்கள், அது தூரத்தைச் சரிசெய்யும், படத்தைக் கொஞ்சம் கெடுக்கும். வாங்காதீர்கள். கண்ணாடியில்லாத மெல்லிய அடாப்டரே போடுங்கள். நாலைந்து அடியில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவை எடுக்கக் கோபுரம் வரை ஃபோகஸ் போக வேண்டியதில்லை.